அழகுக்கா, மூச்சுக்கா?

போன வருஷம் ஆபீஸ் கேன்டீனில் நடந்தது இது. மூக்கில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். மூக்கின் மேல் பாரம் வைக்கக் கூடாது என்பதால் கண்ணாடியை நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். 23 வயதிருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நிஜமாவே சைனஸ் ஆபரேஷன்தானா?" என்றாள். கேட்கும்போதே அவளுடைய ஆள்காட்டி விரல் தன் மூக்குத்தண்டின் நடுவில் இருந்த மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. 20 வருஷமாக அதே இடத்தில் விரல் வைத்துக்கொண்டிருந்தவள் நான். "ஆமாம்பா, சைனஸ்தான். மூச்சே விட முடியல" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். "ஓ, சரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. மூக்கின் உள்ளே இருக்கும் நடுச்சுவர், செப்டம் என்பார்கள், எனக்கு இடதுபக்கம் வளைந்திருந்தது. இடதுபக்கத் துவாரம் எப்போதும் பாதி அடைப்பு. ராத்திரி வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். அதெல்லாம் உண்மை. ஆனால் அதற்காக மட்டும் நான் டாக்டரிடம் போகவில்லை. அடைப்போடு முப்பத்து மூன்று வருஷம் ஓட்டியவள் இன்னொரு முப்பது வருஷமும் ஓட்டியிருப்பேன். போனது அந்த மேட்டுக்காக. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டாள். அந்த "ஓ, சரிக்கா" மட்டும் போகவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் கேட்ட கேள்வி

என் மூக்கு அப்பத்தா வழி மூக்கு. பள்ளிக்கூடத்தில் கிளிமூக்கி. நம் ஊரில் ஒரு பெண்ணைப் புகழ்வதற்கு முதலில் எடுக்கிற சொல்லே "மூக்கும் முழியுமா" என்பதுதான். எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்தச் சொல் என் தங்கைக்குப் போகும். எனக்கு "நல்லாப் படிக்கிற புள்ள". இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் படித்தேன். ஆனால் கல்யாணத்தன்று போட்டோகிராபர், "மேடம், சைடுல திரும்பாதீங்க, நேரா பாருங்க" என்று நாலு முறை சொன்னார். நாலாவது முறை சொன்னபோது பக்கத்தில் நின்றிருந்த சின்ன மாமியார் சிரித்துவிட்டார். ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தில்கூட நான் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை என்று வாயைத் திறந்ததும் அம்மா கேட்டது, "கல்யாணந்தான் ஆயிருச்சே, இப்ப எதுக்குடி?" யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. கல்யாணச் சந்தைக்காக என்றால் பல் கட்டுவது, முகத்தை வெளுப்பாக்குவது எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே பணம் தருவார்கள். சந்தை முடிந்த பிறகு தனக்காக என்றால் காரணம் காட்ட வேண்டும். என்னிடம் காரணம் தயாராக இருந்தது: மூச்சு. மாமியார் கேட்டார், "அழகுக்கா, மூச்சுக்கா?" மூச்சுக்கு. ஹெச்ஆரில் கேட்டார்கள். மூச்சுக்கு. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். மூச்சுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "இதுல ரெண்டும் இருக்கே மேடம்."

அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் டாக்டர்தான். "எது பிடிக்கல? விரல் வெச்சுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். பிறகு இடது கன்னத்தை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து மூச்சு விடச் சொன்னார். வழி திறந்த மாதிரி காற்று உள்ளே போனது. மூக்கின் நடுப்பகுதியில் காற்றுப்பாதை மிகவும் குறுகலான ஓர் இடம் உண்டு, அங்கேயும் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாம் அது. அப்புறம், "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மூக்கைப் பத்தி நினைப்பீங்க?" என்றார். இது என்ன கேள்வி என்று தோன்றியது. நாள் முழுக்க அதே நினைப்பாக இருப்பவர்களுக்கு, ஊருக்கே தெரியாத குறை தங்களுக்கு மட்டும் மலையாகத் தெரிபவர்களுக்கு, எத்தனை முறை கத்தி வைத்தாலும் திருப்தி வராது என்றும், அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி என்றும் சொன்னார். கல்யாண ஆல்பம் கதையைச் சொன்னேன். சிரித்தார். போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் மேட்டை இழைத்துக் காட்டிவிட்டு, "இது வரைபடம் மாதிரி, வாக்குறுதி இல்ல" என்றார். நம்மில் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிமனாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். எனக்கும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் மேலே அந்த அளவுக்குத் தெரியாது. "பட்டுத்துணிக்கு அடியில கை வெச்சா விரல் விரலா தெரியும். ஜமுக்காளத்துக்கு அடியில வெச்சா?"

1898ல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர், பெரிய மூக்கினால் வெளியே தலைகாட்டவே கூச்சப்பட்ட ஒரு நிலக்கிழாருக்கு மூக்கைச் சிறிதாக்கி, அதை மருத்துவச் சங்கத்தில் விளக்கினார். அந்த மனிதர் கேட்டது அழகனாக வேண்டும் என்றல்ல, யாரும் திரும்பிப் பார்க்காதபடி நடமாட வேண்டும் என்பதைத்தான். இதைப் படித்தபோது மூச்சு என்ற சாக்கு இல்லாமலே அந்த ஆளால் கேட்க முடிந்திருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

இரண்டு வரி பில்

பில் வந்தபோது அதில் இரண்டு வரிகள் இருந்தன. நடுச்சுவரைச் சரிசெய்வது ஒன்று. மூக்கின் வடிவத்தை மாற்றுவது இன்னொன்று. முதலாவதை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது, அதற்கு ஜிஎஸ்டியும் இல்லை. இரண்டாவது கைக்காசு 1,20,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 21,600. பிறவிக் குறையோ விபத்தோ இல்லாமல் அழகுக்காகச் செய்தால் வரி உண்டு என்பது சட்டம். மூச்சு எது, அழகு எது என்று என்னால் பிரிக்க முடியாததை அரசாங்கம் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தது.

உள்ளே நடந்ததைக் கேட்டால் அந்தக் கோடு நிற்காது. மூக்குத்தண்டில் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு. என் மேட்டில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதான். இரண்டு துவாரங்களுக்கு நடுவில் இருக்கும் சிறு தூண் மாதிரியான பகுதியில் குறுக்கே ஒரு கீறல் போட்டு, தோலை மேலே தூக்கி, மேட்டைச் சீவி எடுத்தார்கள். சீவியதும் மேலே கூரை இல்லாத வீடு மாதிரி ஓர் இடைவெளி விழும். அதை மூட இரண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்ளே தள்ளிச் சேர்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டுவது முக்கியமாக அதனால்தான். அந்த நேரத்தில் காற்றுப்பாதையும் சேர்ந்து குறுகிவிடும் அபாயம் உண்டு. அதனால் வளைந்திருந்த நடுச்சுவரிலிருந்து வெட்டி எடுத்த குருத்தெலும்பையே மெல்லிய பட்டைகளாக்கி, தண்டின் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துத் தைத்தார்கள். அந்தப் பட்டைதான் தண்டை நேராக நிறுத்துகிறது, அதே பட்டைதான் காற்றுக்கு வழியைத் திறந்தும் வைத்திருக்கிறது. அது பில்லின் எந்த வரியில் வரும் என்று டாக்டரிடமே கேட்டேன். "அதை அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க" என்றார்.

தாளிப்பு இல்லாத மூன்று வாரம்

அறுவை சிகிச்சை அன்று காலையில் முதல் தகராறு மூக்குத்தியோடு. உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. 12 வருஷமாகக் கழற்றாத ஒற்றைக்கல் மூக்குத்தி, திருகு அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. நர்ஸ் ஒருவர் பட்ஸில் தேங்காய் எண்ணெய் தொட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, உள்ளே விரலை வைத்துத் திருகைப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றினார். கழன்று வந்தபோது கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அம்மா அதைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். முழு மயக்கம், இரண்டரை மணி நேரம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வலியைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு வலி பெரிதாக இல்லை, சாதாரண மாத்திரைக்குக் கேட்டது. (ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். மீன் எண்ணெய் மாத்திரையும் அந்தப் பட்டியலில் உண்டு.) பாடாய்ப்படுத்தியது அடைப்பு. உள்ளே சிலிக்கோன் தகடு, பஞ்சு. வெளியே கெட்டியான பட்டி. முதல் ராத்திரி மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாயால் மூச்சு விட்டேன். மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு துணிப்பட்டை, அதில் இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் காது 'டப்'பென்று அடைத்தது. நாக்கு மரக்கட்டை. அம்மா அரைமணிக்கொரு தடவை ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டே இருந்தார். "இதுக்குப் பேருதான் மூச்சுக்கு ஆபரேஷனா?" என்று ஒரு தடவை கேட்டார். பதில் சொல்ல வாய் ஓய்வாக இல்லை.

மறுநாள் பஞ்சை எடுத்தார்கள். தகடு மட்டும் ஒரு வாரம் இருந்தது. இரண்டாம் மூன்றாம் நாள்தான் முகம் உச்சத்தில் வீங்கியது. கண் கோடாகத் தெரிந்தது. கீழிமை கத்திரிக்காய் நிறத்தில் ஆரம்பித்து, பச்சையாகி, மஞ்சளாகி, பத்து நாளில் வடிந்தது. நாலாவது நாள் மொட்டைமாடிக்குப் போக லிஃப்ட்டில் ஏறியபோது வாட்ச்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அதன்பின் ஒரு மாதத்துக்கு அவருடைய வண்டிக்கு கேட் கொஞ்சம் தாமதமாகத்தான் திறந்தது.

மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து கனமாக எதையும் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். இதெல்லாம் சீட்டில் இருந்தது. சீட்டில் இல்லாதது வரமிளகாய்த் தாளிப்பு. இரண்டாம் நாள் அம்மா ரசத்துக்கு மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்ட நொடியில், வாசனை எதுவும் தெரியாமலே தொண்டைக்குள் காரம் ஏறி, ஒரு தும்மல். வாயைத் திறந்துதான் தும்மினேன், இருந்தும் கால்மணி நேரம் ரத்தம் சொட்டியது. அன்றிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் தாளிப்பே இல்லை. தாளிக்காத குழம்பை என் கணவர் வாய் திறக்காமல் சாப்பிட்டதை வேறு எந்தத் தியாகத்தோடும் ஒப்பிட மாட்டேன். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூக்குக்குள் திடீரென்று அடைத்துக்கொண்டு விண்விண்ணென்று தெறித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுச்சுவரில் ரத்தம் தேங்கினால் அந்தக் குருத்தெலும்பே கெட்டுப்போகும்.

எட்டாம் நாள்

எட்டாம் நாள் பட்டியைப் பிரித்தார்கள். அதற்காகவே புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நர்ஸ் ஏதோ ஒரு திரவத்தைத் தொட்டுத் தொட்டு ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் எடுத்தார். பிறகு உள்ளேயிருந்து தகடுகள், என் சுண்டுவிரல் நீளம், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. அந்த நொடியில் இடதுபக்கம் காற்று போனது. குளிர்ந்த காற்று, நேராக நெற்றி வரைக்கும். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. அதை முழுதாக அனுபவிப்பதற்குள் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணாடியில் இருந்தது யாருடைய மூக்கோ. மேடு இல்லை, உண்மை. ஆனால் தண்டு அகலமாக, இரண்டு விரல் தடிமனுக்கு இருந்தது. நுனி உருண்டையாகி மேலே தூக்கி நின்று, துவாரங்கள் நேராகத் தெரிந்தன. தோலெல்லாம் எண்ணெய் வடிந்து கரும்புள்ளி. சிரித்துப் பார்த்தேன், மேலுதடு அசையவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அம்மா பேச ஒன்றும் கிடைக்காமல் நின்ற தருணங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லடி, மூச்சு வருதுல்ல?" என்றார். மூச்சு வந்தது. எனக்கு அது போதவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூச்சுக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள், மூச்சு சரியாகிவிட்ட பிறகு எதற்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது? ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூக்கைச் சிந்தாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீக்கத்தில் பெரும்பகுதி ஆறு வாரத்தில் வடியும், மிச்சம் ஒரு வருஷம் வரை இழுக்கும், நுனிதான் கடைசி, தடித்த தோலுக்கு இன்னும் தாமதமாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தலையாட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். காதில் வாங்குவது வேறு, ஒரு வருஷம் அந்த முகத்தோடு லிஃப்ட்டில் ஏறுவது வேறு. காலையில் வீக்கம் அதிகம், மாலையில் குறைவு. ஊறுகாய் தின்ற மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊதினாற்போல இருக்கும். தினமும் காலை போனில் ஒரு படம் எடுப்பேன், முந்தின நாள் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். கேன்டீனில் அந்தப் பெண் கேட்டது இந்த நாட்களில்தான். பொய் சொன்னதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. உண்மையைச் சொன்னால் அவள் முதலில் என் மூக்கைத்தானே பார்ப்பாள்? "இதுக்கா?" என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம்.

மூன்றாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது போனில் இருந்த 80 சொச்சம் படங்களையும் டாக்டரிடம் காட்டி, மறுபடி சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது உங்க மூக்கு இல்ல, உங்க கை நீளம்" என்றார். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், முகத்தில் முன்னால் நிற்பது மூக்கு. ஒன்றரை மீட்டர் தள்ளி எடுக்கும் படத்தைவிட 30 சென்டிமீட்டரில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்காவில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். என்னை நீலத்திரை முன்னால் நிற்க வைத்து, தள்ளி நின்று எடுத்தார். அறுவை சிகிச்சைக்கு முன் அதே இடத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். நான் நேரான படத்தைத் தேடினேன். அவர் காட்டியது சைடு படம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "மறுபடி கத்தி வைக்கிறதா இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு முன்னால யாரும் வைக்க மாட்டாங்க, வைக்கிறேன்னு சொல்றவர்கிட்ட போகாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து அந்த 80 படங்களையும் அழித்தேன்.

இப்போது

பதினான்கு மாதம் ஆகிறது. நுனி இன்னும் கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது, ஏசி அறையில் அது மட்டும் தனியாகச் சில்லிடும். தண்டின் வலதுபக்கம் விரலால் தடவினால் அரிசிமணி அளவு ஒரு நிரடல் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. கீறல் தழும்பை நான் காட்டினால்தான் தெரியும். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இளைத்துவிட்டாயா என்றார் அத்தை. முடி வெட்டிக்கொண்டாயா என்றார் சித்தி. போட்டோகிராபர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆல்பத்தைப் பார்க்கும்போது சில நேரம் அந்தக் கிளிமூக்கியின் மேல் ஒரு கரிசனம் வருகிறது, அதையும் மறைப்பதற்கில்லை. புதிய கம்பெனிக்குப் போன அந்தப் பெண்ணுக்குப் போன வாரம், "அன்னைக்கு நீ கேட்டதுக்குத் தப்பான பதில் சொல்லிட்டேன், நேரம் இருந்தா கூப்பிடு" என்று மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது.

மூக்குத்தித் துளை தூர்ந்துபோயிருந்தது அம்மாவுக்கு ஒரு வருஷமாக ஆறாத குறை. டாக்டர் சரி என்றதும் மதுரையில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பழைய தழும்பை அமுக்கிப் பார்த்தார். பேனாவால் ஒரு புள்ளி வைத்தார், அழித்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார். "பழைய இடம் வேணாம்மா. இந்த மூக்குக்கு எள்ளளவு கீழ வெச்சாத்தான் எடுப்பா இருக்கும்" என்றவர், விரலை நுனிக்கு அடியில் கொண்டுபோய், "இதென்ன தழும்பு, ஆபரேஷனா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

அம்மா வாயெடுப்பது தெரிந்தது. "அழகுக்குத்தாண்ணே" என்றேன்.

"அதானே" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். "தலையை ஆட்டாதீங்க."